ஏழு நிமிடம் பின்தங்கிய கடிகாரம்

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்டால் ‘ம்’ என்று ஒற்றை எழுத்தில் பதில் அனுப்புவாய். அதனால் இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. நீ, உன் மனைவி, குழந்தை மூன்று பேரும் நன்றாக இருந்தாக வேண்டும் என்று உத்தரவே போட்டுவிடுகிறேன்.

போனில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். நான் கூப்பிடும்போது நீ மீட்டிங்கில் இருக்கிறாய், நீ கூப்பிடும்போது நான் கையில் ரத்தக் குழாயோடு நிற்கிறேன். மெயிலில் எழுதினால் நிதானமாகப் படிப்பாய். படிப்பாய்தானே?

விஷயம் இதுதான். எங்கள் ஆய்வகத்தில் நீ வைத்துக் கொடுத்த கம்ப்யூட்டர் நேற்றுக் காலையிலிருந்து வம்பு பண்ணுகிறது. பழைய ரிப்போர்ட் சாஃப்ட்வேர் புது மெஷினில் ஓடாது என்று எல்லோரும் கையை விரித்தபோது, ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை உட்கார வைத்தாயே, வெர்ச்சுவல் மெஷின் என்று, அதேதான். வெளியில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கிற லினக்ஸும் திறக்கிறது. ஆனால் திரை தபால்தலை மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி ஒரு ஃபோல்டர் வைத்திருந்தாய் அல்லவா, அது காலியாக இருக்கிறது. ‘கெஸ்ட் சாஃப்ட்வேர் தொடங்கவில்லை’ என்கிற பொருளில் ஒரு வரி வந்து போகிறது. யார் அந்த விருந்தாளி, ஏன் வர மறுக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதைக்குக் கருவியின் சின்னத் திரையைப் பார்த்துக் கையால் எழுதிக் கொடுக்கிறோம். வெளியே வரிசை கதவு வரை நிற்கிறது. ரத்தம் எடுக்கும் பெண் என்னை முறைக்கிறாள், நான் கம்ப்யூட்டரை முறைக்கிறேன்.

அப்பா போய் இரண்டரை வருடம் ஆகப்போகிறது. அம்மா அவர் நாற்காலியை இப்போதுதான் ஜன்னல் பக்கம் நகர்த்தியிருக்கிறாள். உனக்கு உப்பு ஆகாது என்று தெரிந்த நாளிலிருந்து அவளும் அரை உப்புதான். “அவன் அங்க சப்புன்னு சாப்பிடறப்ப எனக்கு மட்டும் என்ன நாக்கு” என்கிறாள். அளவாகத் தண்ணீர் குடி. வலி மாத்திரை எதையும் தொடாதே. கடைசியாக ரத்தம் பார்த்தபோது சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் எவ்வளவு என்று மறக்காமல் எழுது. மூன்று வருடமாகக் கேட்கிறேன், ஒரு தடவைகூட எண்ணாகச் சொன்னதில்லை நீ.

அன்புடன்,
அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உத்தரவு கிடைத்தது. மூன்று பேரும் கீழ்ப்படிந்து நலமாக இருக்கிறோம். சின்னது இப்போது என் செருப்பைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க அலுவலகம் போகிறது.

பயப்படாதே. விருந்தாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருக்கும் லினக்ஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கும். அதன் நடுநாயகமான பகுதியைக் கெர்னல் என்போம். கெஸ்ட் சாஃப்ட்வேர் பழைய கெர்னலுக்கு அளவெடுத்துத் தைத்தது. ஆள் பெருத்துவிட்டான், சட்டை போட முடியவில்லை. அவ்வளவுதான். புது அளவுக்குத் திரும்பத் தைக்க வேண்டும்.

ஆனால் தானாகப் புதுப்பிக்காதே என்று நான் பூட்டி வைத்த ஞாபகம். யாராவது நெட் கேபிளைச் செருகினார்களா?

இணைப்பில் தனித்தாளாக நான்கு கட்டளைகள் எழுதியிருக்கிறேன். கறுப்புத் திரையைத் திறந்து ஓர் எழுத்தும் மாறாமல், இடைவெளியும் விட்டுப்போகாமல் அப்படியே அடி. வருவதைப் படம் எடுத்து அனுப்பு. சிவப்பில் ஏதாவது வந்தால் தப்பு உன்னுடையதல்ல, கம்ப்யூட்டருடையது என்று நினைத்துக்கொள்.

உடம்பு பரவாயில்லை அக்கா. எண்ணெல்லாம் எதற்கு, அங்கே உட்கார்ந்து நீ கவலைப்படவா? அம்மாவை ஒழுங்காக உப்புப் போட்டுச் சாப்பிடச் சொல்.

தம்பி


மார்ச் 6, வெள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னது சரிதான். நெட் கேபிளைச் செருகியது ரத்தம் எடுக்கும் பெண். “ஓட்டை காலியா இருந்துச்சு மேடம், கேபிள் கீழ கிடந்துச்சு” என்றாள். இதற்கு மேல் அவளிடம் என்ன கேட்பது.

நான்கு கட்டளையும் அடித்தேன். முதல் தடவை ஒரு புள்ளியை விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை ‘அனுமதி இல்லை’ என்றது. இருபத்திரண்டு வருடம் இங்கே வேலை பார்க்கிறேன், எனக்கே அனுமதி இல்லையாம். மூன்றாவது தடவை ஓடியது. கடைசியில் சிவப்பில் நான்கு வரி. படம் இணைத்திருக்கிறேன். எனக்குப் புரிந்தவரை, தைப்பதற்குத் துணி இல்லை என்கிறது. புதுக் கெர்னலுக்குரிய ஏதோ தலைப்புக் கோப்புகள் வேண்டுமாம்.

இன்னொன்றும் கவனித்தேன். உள்ளே இருக்கிற கடிகாரம் நாற்பது நிமிடம் பின்னால் ஓடுகிறது. கைக்கடிகாரத்தில் பதினொன்று, உள்ளே பத்து இருபது. இதுவும் விருந்தாளி செய்கிற வேலையா?

ஏன் கேட்கிறேன் என்றால், கருவி முடிவை மட்டும்தான் அனுப்பும், பேரை அனுப்பாது. எந்த நேரத்தில் யாருடைய ரத்தம் உள்ளே போக வேண்டும் என்ற பட்டியல் வெளிக் கம்ப்யூட்டரிலிருந்து வரும். முடிவு வந்த நேரத்தைத் தன் கடிகாரத்தில் பார்த்து, பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் பழைய சாஃப்ட்வேர் பேர் போடும். கடிகாரம் தப்பினால் பேரும் தப்பும் இல்லையா? இப்போது கையால் எழுதுவதால் பிரச்சினை இல்லை. ஆனால் யோசித்ததிலிருந்து ஒரே கேள்விதான். முன்பு எப்போதாவது இப்படி ஆகியிருக்குமா?

கிரியேட்டினின் எண் கேட்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு மட்டும் உன் கடிதத்தில் துணி இல்லை போல.

அன்புடன்,
அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

வேண்டிய கோப்புகளை ஓர் இணையச் சுட்டியில் வைத்திருக்கிறேன். வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோய், தாளில் இருக்கிறபடி போடு. கெஸ்ட் சாஃப்ட்வேரை மறுபடி தைத்துவிட்டு ஒருமுறை அணைத்துத் திற. எழுந்துவிடும். நெட் கேபிளைப் பிடுங்கி அந்தப் பெண் கைக்கு எட்டாத இடத்தில் வை.

கடிகாரத்தைச் சரியாக வைத்திருப்பதும் அந்த விருந்தாளிதான். வெளிக் கம்ப்யூட்டர் மின்தடையில் தூங்கி எழுந்தால் உள்ளே இருப்பதற்கு அது தெரியாது. விட்ட இடத்திலிருந்து ஓடும். கெஸ்ட் சாஃப்ட்வேர்தான் தட்டி எழுப்பி ‘இப்போது மணி இவ்வளவு’ என்று சொல்லும்.

முன்பெல்லாம் ஆகியிருக்காது. அதைப் பற்றி மூளையைக் குழப்பிக்கொள்ளாதே.

எல்லாம் முடிந்ததும் கடைசிக் கட்டளையையும் அடித்துவிடு. பழைய பதிவுகளையெல்லாம் அது துடைத்துவிடும். வருடக்கணக்கில் சேர்ந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், வேகமும் குறையும். அதை மறக்காதே. முடித்ததும் ‘துடைத்தாயிற்று’ என்று ஒரு வரி எழுது, போதும்.

தம்பி


மார்ச் 10, செவ்வாய்

அன்புள்ள தம்பிக்கு,

விருந்தாளி எழுந்துவிட்டார். திரை விரிந்தது, ஃபோல்டர் நிறைந்தது, கடிகாரம் ஒரு குதி குதித்துச் சரியான நேரத்துக்கு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன், நிதானமாகப் படி.

நீ சொன்ன கடைசிக் கட்டளையை நான் அடிக்கவில்லை. படிக்காமல் எதையும் கழுவித் தொலைக்கிற பழக்கம் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவளுக்குக் கிடையாது. கெஸ்ட் சாஃப்ட்வேர் தொடங்கிய ஒவ்வொரு தடவையும் பதிவில் இருக்கிறது. எல்லாம் ‘தொடங்கியது’, ‘தொடங்கியது’. ஒரே ஓர் இடத்தில் ‘தொடங்க முடியவில்லை’. மூன்று வருடத்துக்கு முன், பிப்ரவரி பதினாறு, காலை ஒன்பதரை. மறுநாள் பதினொரு மணிக்குத் திரும்பத் தொடங்கியிருக்கிறது.

அன்று காலை மின்தடை வந்தது எனக்கு நினைவிருக்கிறது. அன்றைய பட்டியல் அதற்கு முன்பே உள்ளே போயிருந்ததால் ரிப்போர்ட் வந்துகொண்டிருந்தது, மறுநாள் பட்டியல் வராததால்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ வந்து உட்கார்ந்து அரைமணி நேரத்தில் சரி செய்தாய். “ஒண்ணும் இல்லக்கா, சின்னக் கோளாறு” என்றாய். அன்று நீ லீவில் வந்திருந்ததே அப்பாவுக்குச் சிறுநீரகம் கொடுக்க முடியுமா என்று பார்க்கத்தான். பதினாறாம் தேதி காலைதான் உன் ரத்தத்தை எடுத்தேன்.

யாருடைய ரத்தம் எந்தத் தட்டில் என்று எழுதி வைக்கும் அந்த நாளின் பதிவேட்டை அலமாரியிலிருந்து இறக்கினேன். கருவி தானே அச்சடிக்கும் சுருள் காகிதம் இருக்கிறதே, அதில் தட்டு எண்ணோடு முடிவு இருக்கும். அதையும் தேடி எடுத்தேன். ஸ்கேலை வைத்து வரிவரியாக ஒப்பிட்டேன். உள்ளே கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கியிருக்கிறது. அன்று ஒரு ரத்தத்துக்கு ஏழு நிமிடம்தான். ஒன்பதே முக்காலிலிருந்து பன்னிரண்டரை வரை இருபத்து மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் தனக்கு அடுத்து வந்தவருடைய முடிவு போயிருக்கிறது. இருபத்து மூன்று ரிப்போர்ட்டிலும் என் கையெழுத்து.

ஸ்கேல் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பெரும்பாலோருக்குப் பாதிப்பில்லை. எல்லா எண்ணும் சரியான அளவுக்குள் இருப்பவர்கள். பன்னிரண்டாவது வரி நீ. உனக்கு வந்த முடிவு பதின்மூன்றாவது ஆளுடையது. எங்கள் மருத்துவமனை லிஃப்டையெல்லாம் பழுது பார்ப்பாரே, அந்த மெக்கானிக். வேலை ஒப்பந்தத்துக்காகப் பரிசோதனைக்கு வந்திருந்தார். சிறுநீரகம் பாதி போய்விட்டது என்று உன் பேரில் வந்ததே, அது அவருடைய ரத்தம். உன்னுடைய முடிவு உனக்கு முன்னால் இருந்த ஒரு டெய்லருக்குப் போயிருக்கிறது. பார்த்தேன். தங்கமான எண்கள்.

உனக்கு ஒன்றுமே இல்லையடா. அப்பாவுக்கு நீ கொடுத்திருக்கலாம்.

இதை எழுதிவிட்டு முதலிலிருந்து திரும்ப ஒப்பிட்டேன். ஏனென்றால் இதில் ஒன்று பொருந்தவில்லை. டாக்டர் இன்னொரு தடவை எடுக்கச் சொன்னார். “அங்க போய் எடுத்துக்கறேன்” என்றாய். இரண்டு வாரம் கழித்துப் போன் பண்ணி, “இங்கயும் அதேதான்க்கா” என்றாய். ஒரே ஆளின் ரத்தத்துக்கு இரண்டு உண்மை இருக்க முடியாது. அங்கேயும் ஏதாவது பிசகியிருக்குமா? இல்லை, என் ஒப்பீட்டில்தான் பிசகா? அங்கே எடுத்த ரிப்போர்ட்டை அனுப்பு. உடனே அனுப்பு.

அக்கா


மார்ச் 13, வெள்ளி

தம்பிக்கு,

மூன்று நாளாகிவிட்டது. போனையும் நீ எடுக்கவில்லை.

லிஃப்ட் மெக்கானிக்கைத் தேடினேன். ஊழியர் பிரிவில் கேட்டேன். “அவரா? அவர் வேலைய விட்டு ஒரு வருஷம் ஆச்சே. மேல போய்ப் பாருங்க” என்றார்கள். மேலே என்றால் இரண்டாம் தளம். டயாலிசிஸ் அறை. வாரம் மூன்று நாள் வருகிறார். தினமும் நான் சாப்பிடப் போகும் வழியில்தான் அந்தக் கண்ணாடிக் கதவு. ஒரு வருடமாக அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். ஆள் பாதியாகிவிட்டதால் அடையாளம் தெரியவில்லை.

நான் உள்ளே போகவில்லை. உன் பதில் இல்லாமல் அவரிடம் எதைச் சொல்வது என்று தெரியவில்லை.

எழுது.

அக்கா


மார்ச் 15, ஞாயிறு

அக்கா,

அனுப்புவதற்கு என்னிடம் இருக்கிற ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். தேதியைப் பார். அதே பிப்ரவரி, கடைசி வாரம். எல்லா எண்ணும் சரி. உன் ஒப்பீட்டில் பிசகில்லை.

எனக்குத் தெரியும் அக்கா. அன்றிலிருந்தே தெரியும்.

இங்கே கிளினிக்கில் நர்ஸ் காகிதத்தைக் கொடுத்து, “உங்களுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லையே, எதற்கு வந்தீர்கள்” என்று கேட்டாள். நான் வாசல் படியில் உட்கார்ந்தேன். எப்படி மாறியது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அது என் தொழில். உள்ளே கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கியிருந்ததை அன்று நானேதான் சரி செய்தேன். அப்போது அதை நினைக்கவில்லை, படியில் உட்கார்ந்தபோது நினைத்தேன்.

சொல்லத்தான் போன் செய்தேன். நம்பு. நீ எடுத்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் அழுதாய். “நீ நல்லா இருந்தாப் போதும்டா. அப்பாவுக்கு வேற வழி பாப்போம். உன்னையும் இழக்க முடியாது” என்றாய். வேறு வழி என்று ஒன்று இருக்கிறது என்று அந்த நிமிடம் நான் பிடித்துக்கொண்டேன். “அதேதான்க்கா” என்று சொன்னது என் வாய்தான். சொன்ன பிறகு என் காதுக்கே கேட்டது.

பயம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. என் மனைவி அப்போது மூன்று மாதக் கர்ப்பம். அதைக் காரணமாகச் சொல்ல மாட்டேன், குழந்தை இல்லாவிட்டால் வேறெதையாவது சொல்லியிருப்பேன். மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்து விலாவுக்குக் கீழே கீறுவார்கள் என்பதைத் தாண்டி என்னால் யோசிக்க முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று எட்டு மாதம். அப்புறம் அப்பா போய்விட்டார். குழந்தை பிறந்து இரண்டு மாதம்தான் என்று சொல்லிக் காரியத்துக்குக்கூட வரவில்லை. வந்து அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

எனக்கு அடுத்து நின்ற ஒரு ஆள் இருக்கிறான், அவன் ரத்தம்தான் என் பேரில் வந்தது என்பதும் தெரியும். அவன் யாரென்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. முகமில்லாமலே வைத்திருந்தேன். நீ லிஃப்ட் மெக்கானிக் என்று எழுதியதும் முகம் வந்துவிட்டது. அன்று வரிசையில் என் பேனாவை வாங்கிப் படிவம் நிரப்பினார்.

பதிவைத் துடைக்கச் சொன்னதும் இதற்குத்தான். உனக்குப் புரிந்திருக்கும்.

என்னைத் திட்டி ஒரு வார்த்தையாவது எழுது.

தம்பி


மார்ச் 18, புதன்

தம்பிக்கு,

உன் கடிதத்தை மருந்துகள் வைக்கிற குளிர் அறையில் நின்று படித்தேன். அங்கேதான் யாரும் வரமாட்டார்கள். படித்து முடித்தபோது விரல் விறைத்திருந்தது. குளிரில்தான் விறைத்தது என்று சொல்லிக்கொண்டேன்.

திட்டச் சொல்கிறாய். எனக்கு வரவில்லை. அதற்குப் பதில் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சொல்ல வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் வைத்திருந்தேன்.

உன் முடிவு வந்த அன்று அப்பா அந்த ரிப்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். “இது பரம்பரையா வரும்னு சொல்றாங்களே, என்கிட்ட இருந்துதான் அவனுக்குப் போயிருக்கும் இல்ல?” என்றார். “அப்படியெல்லாம் இல்லப்பா” என்றேன். அவர் நம்பவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதமும் அவருக்கு அதே பேச்சுதான். வேறு யாரிடமாவது சிறுநீரகம் கிடைக்குமா என்று பதிந்து வைக்கலாம் என்றோம். “எனக்கு எதுக்கு? கிடைச்சா அவனுக்கு வைங்க. நான் குடுத்த வியாதி” என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. கடைசி வாரம் நினைவு தப்பித் தப்பி வந்தபோது, கண்ணைத் திறக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்து, “மன்னிச்சுக்கச் சொல்லு அவன” என்றார்.

அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார். நீ ஒரு போன் பண்ணியிருந்தால் அது நடந்திருக்காது. கொடுக்க வேண்டாம். “எனக்கு ஒண்ணும் இல்லப்பா, ஆனா பயமா இருக்கு” என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். அப்பா சிரித்திருப்பார். உனக்கு ஊசி போடும்போதெல்லாம் கதவுக்கு வெளியே நின்றவர் அவர்தானே.

நேற்றுப் பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். பதிவேடு, சுருள் காகிதம், கெஸ்ட் சாஃப்ட்வேர் பதிவு, உன் கடிதத்தின் பிரதி. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இத வெளிய சொன்னா முதல்ல உங்க வேலைதான் போகும், தெரியுமா?” என்றார். “தெரியும் டாக்டர். கையெழுத்து என்னோடதுதானே” என்றேன். விசாரணை முடியும்வரை ஆய்வகத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இருபத்து மூன்று பேருக்கும் ஆள் அனுப்புகிறார்கள். பதின்மூன்றாவது ஆளிடம் நானே சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

படித்தேன். அப்பாவைப் பற்றி நீ எழுதியதை மட்டும் திரும்பப் படிக்க முடியவில்லை.

இவளிடம் சொல்லிவிட்டேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

வருகிறேன். முப்பதாம் தேதி திங்கட்கிழமை மாலை இறங்குகிறேன். விசாரணையில் என்ன கேட்டாலும் சொல்கிறேன், எதில் கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். உன் மேல் தப்பில்லை என்று சொல்கிறேன். அந்த மெக்கானிக்குக்கு என் சிறுநீரகம் பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தினால் எடுத்துக்கொள்ளட்டும். இந்தத் தடவை பின்வாங்க மாட்டேன்.

அம்மாவிடம் நீ சொல்லாதே. நான் வந்து சொல்கிறேன்.

தம்பி


மார்ச் 24, செவ்வாய்

தம்பிக்கு,

சனிக்கிழமை இரண்டாம் தளத்துக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டில். கையில் இரண்டு குழாய், பக்கத்தில் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், “லேப் மேடம்தானே, உக்காருங்க” என்றார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை, உன்னையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

“அப்பவே தெரிஞ்சிருந்தா?” என்று கேட்டார். மாத்திரை, சாப்பாடு, ஓய்வு இதிலேயே பல வருடம் தள்ளிப் போட்டிருக்கலாம் என்றேன்.

“முதுகு வலிக்கு தினம் ரெண்டு மாத்திரை போட்டேன் மேடம். கடைக்காரரு கூட, கிட்னிக்கு ஆகாதுய்யான்னு சொன்னாரு. உங்க ரிப்போர்ட்ட எடுத்து அவருகிட்ட காட்டினேன். எல்லாம் நல்லாருக்கு பாருன்னு.”

எனக்கு அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து போகவும் முடியவில்லை.

நீ கொடுக்க நினைப்பதை இன்று காலை போய்ச் சொன்னேன். வேண்டாம் என்றார். “பயந்துக்கிட்டே குடுக்கறத உள்ள வச்சுக்கிட்டு நான் எப்படிங்க இருக்கறது. அவர வரச் சொல்லுங்க. நாலு மணி நேரம் இங்க படுத்திருக்கணும். பக்கத்துல வந்து உக்காரட்டும். நான் எதுவும் கேக்க மாட்டேன். சும்மா உக்காந்து பாக்கட்டும்” என்றார். செவ்வாய், முப்பத்தொன்றாம் தேதி, காலை ஏழு மணி. தாமதமாகப் போகாதே. உட்கார்ந்தால் நான்கு மணி நேரமும் உட்கார். நடுவில் எழுந்து வராதே.

விசாரணை மறுநாள் பத்து மணிக்கு. அங்கே எடுத்த ரிப்போர்ட்டின் அசல் காகிதத்தைக் கொண்டு வா. என் மேல் தப்பில்லை என்று நீ சொல்ல வேண்டாம். இருக்கிறது. சுருளையும் பதிவேட்டையும் அன்றே ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டியவள் நான்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ வருகிறவரை அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு என்னால் சமைக்க முடியாது. எல்லாவற்றையும் கேட்டாள். “அவனுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “நல்லது” என்றாள். நேற்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், “அவன் வர்றப்ப நான் வீட்ல இருக்கணுமா?” என்றாள்.

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ விமானம் ஏறுவதற்குள் எனக்குப் பதில் தெரிந்தால் எழுதுகிறேன். எழுதாவிட்டால் வீட்டுக்கு வராதே. மருத்துவமனைக்கு எதிரே இருக்கிற விடுதியில் உன் பேரில் அறை சொல்லியிருக்கிறேன். சாவி கீழே வரவேற்பில் இருக்கும்.

அக்கா